முதுகுக்குப் பின்னால் நடந்த இறுதியாட்டம்

கட்டார் அணி இரண்டாம் முறையும் தொடர்ந்து ஆசியக் கிண்ணத்தை வென்ற நாளில் நான் அந்த மைதானத்துக்குள் நின்றேன். கோல் கம்பத்துக்கு நேர் பின்னால், பந்து வலையில் அடிபடுகிற சத்தம் கேட்கிற தூரத்தில். இதைச் சொன்னால் ஊரில் எவரும் முதலில் கேட்பது, "அப்ப மாட்ச் முழுக்கப் பாத்தனியோ?" என்றுதான். நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லி வருகிறேன். அதுவும் சரியோ என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கரையில், கொக்கிளாய்க்குப் போகிற பாதையில் இருக்கிறது. முன்னால் கடல், பின்னால் களப்பு, நடுவில் மாதா கோவிலும் அதற்குப் பக்கத்தில் உதைபந்தாட்ட மைதானமும். இடம்பெயர்ந்து அலைந்து திரும்பி வந்தபோது, வீட்டுக்குக் கூரை போட முதலே பொடியள் கோல் கம்பம் நட்டுவிட்டார்கள். அண்ணன் முன்வரிசை ஆட்டக்காரன். கால் வேகம், வாய் அதைவிட வேகம். நான் கோல் காப்பாளன். பந்து மைதானத்தின் எந்த மூலையில் கிடந்தாலும் என் கண் அதில்தான் இருக்கும். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டாலும் திரும்பமாட்டேன். ஒருமுறை எங்கள் கோவில் பாதர் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்து, கடைசியில் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலால் எறிந்தார்.

அப்படிப்பட்டவனுக்குக் கட்டாரில் கிடைத்த வேலை, விளையாட்டு மைதானத்தில் பாதுகாப்பு ஊழியர். அண்ணன் இந்தச் செய்தியைக் கேட்டுத் துள்ளினார். "சும்மா இல்லையடா, உலகத்துப் பெரிய மைதானங்களில நிண்டு ஓசியில மாட்ச் பாக்கப் போறாய்!" என்று சொல்லி ஊர் முழுக்கப் பரப்பினார். அம்மா கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினா.

போன பிறகுதான் விசயம் தெரிந்தது. பயிற்சி தந்தவர் ஒரு கென்யாக்காரர், உயர்ந்த மனிதர், சிரிக்காமல் பகிடி விடுகிறவர். வெறும் மைதானத்துக்குள் எங்களைக் கொண்டுபோய்ப் புல்லுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நிறுத்தினார். ஆளில்லாத ஆயிரக்கணக்கான கதிரைகளைக் கையால் காட்டி, "உங்கள் மாட்ச் அங்கேதான் நடக்கும். பின்னால் நடக்கிறது உங்களுக்கு இல்லை" என்றார். சனத்தைப் பார்க்கவேண்டும். யார் எழும்புகிறான், யார் சண்டைக்குப் போகிறான், யார் வேலியைத் தாண்டப் பார்க்கிறான் என்று கவனிக்கவேண்டும். திரும்பி ஆட்டத்தைப் பார்க்கக்கூடாது. கமெரா எல்லாப் பக்கமும் இருக்கிறது என்றார்.

முதல் சில போட்டிகளில் எனக்குக் கழுத்து நொந்தது. திரும்பாமல் இருக்கிறதற்கே அவ்வளவு பலம் தேவைப்பட்டது. பிறகு மெல்ல மெல்ல ஒரு வித்தை பிடிபட்டது. சனத்தின் முகத்திலேயே ஆட்டம் தெரிந்தது. பந்து எங்கள் பக்கம் வரும்போது கண்கள் விரியும், கதிரை நுனிக்கு வருவார்கள். மூலை உதை என்றால் எல்லாத் தலையும் ஒரே பக்கம் சாயும். பந்து கம்பத்துக்கு மேலால் போனால் நூறு கைகள் ஒரே நேரத்தில் தலைக்குப் போகும். நான் மனதுக்குள், "இப்ப இடப்பக்கத்தால கொண்டு வாறாங்கள், இப்ப விட்டுட்டாங்கள்" என்று சொல்லிக்கொள்வேன். சரியா பிழையா என்று சொல்ல யாரும் இல்லை.

எங்கள் அறையில் எனக்கு மேல் கட்டிலில் ஒரு நானா இருந்தார். முல்லைத்தீவுச் சோனகர்; முஸ்லிம்களில் மூத்தவரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கைக்குழந்தையாகப் புத்தளத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, வளர்ந்து ஆளாகித் திரும்பி வந்து, தகப்பனின் காணியில் பற்றை வெட்டி வீடு போட்டவர். கட்டாருக்கு என்னைவிட முந்தி வந்தவர். கட்டார் விளையாடுகிற நாளில் அவர் வேறு ஆள். அந்த நாட்டுக் கொடியின் நிறத்தில் ஒரு துண்டு வைத்திருந்தார். அதைக் கழுவி, மடித்து, தலையணைக்குக் கீழ் வைப்பார். "எங்கட டீம்" என்றுதான் சொல்வார்.

ஒருநாள் கேட்டேன். "நானா, எங்கட டீம் எண்டு எப்பிடிச் சொல்லுறியள்? எத்தினை வருசம் இருந்தாலும் எங்களை இந்த நாட்டுக்காரர் எண்டு சொல்லமாட்டாங்களே."

அவர் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். "தம்பி, புத்தளத்தில என்னை முல்லைத்தீவான் எண்டுவாங்கள். முல்லைத்தீவுக்கு வந்தா, புத்தளத்தான் எண்டுறாங்கள். இஞ்ச ஒருத்தனும் ஒண்டும் கேக்கிறேல்லை. நான் நிக்கிற இடத்தில ஒரு டீம் வெல்லுது. அப்ப அது என்ர டீம்."

பகிடியோ மெய்யோ என்று முகத்தைப் பார்த்தேன். அவர் கறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் நாட்டு அணி ஆசியக் கிண்ணப் போட்டிக்குத் தெரிவானதை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. ஆகவே எனக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்ற பிரச்சினை அதுவரை வந்ததும் இல்லை. அண்ணன் மட்டும் தொலைபேசியில், "உன்ர நாடு அரையிறுதிக்கு வந்திட்டுது" என்பார். என்ர நாடு என்கிறாரே என்று நினைப்பேன். திருத்தமாட்டேன்.

இறுதியாட்டம் கட்டாருக்கும் ஜோர்தானுக்கும். நானாவுக்கு மேல்தட்டில், கட்டார்க்காரர் பகுதியில் வேலை விழுந்தது. அவர் முகத்தில் பெருநாள். எனக்குக் கீழ்த்தட்டில், கோல் கம்பத்துக்குப் பின்னால், ஜோர்தான்காரர் இருக்கிற பகுதி. மஞ்சள் மேற்சட்டை, தொப்பி, முதுகு மைதானத்துக்கு.

என் முன்னால் முதல் வரிசையில் ஒரு பெரிய மனிதர் இருந்தார். வயிறு வேலிக் கம்பியில் முட்டுகிற அளவு பெருத்தவர். தோளில் சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சால்வை. பக்கத்தில் மனைவி, மடியில் ஒரு பை நிறைய வறுத்த விதை. ஆட்டம் தொடங்க முதலே அவர் என்னோடு கதை கொடுத்தார். எனக்கு அரபு கொஞ்சம், அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்.

"எந்த நாடு?"

"ஸ்ரீலங்கா."

"இன்றைக்கு யார் பக்கம்?"

"நான் வேலையில் நிற்கிறேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "வேலை யார் பக்கம்?" என்று கேட்டு, ஒரு கை விதையை நீட்டினார். வாங்கக்கூடாது. தலையை ஆட்டினேன். மனைவி அவரை அரபில் ஏதோ ஏசினா. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தா.

ஆட்டம் தொடங்கியது. அவருடைய முகம் எனக்கு ரீவித் திரை மாதிரி. அவ்வளவு தெளிவாக எழுதிக் காட்டுகிற முகம். கொஞ்ச நேரத்தில் அவர் எழும்பி இரண்டு கையையும் விரித்து, "இல்லை, இல்லை" என்று கத்தினார். முழுப் பகுதியும் கத்தியது. தண்ட உதை என்று விளங்கியது. பிறகு ஒரு அமைதி. அதற்குப் பின், கரையில் குனிந்து நிற்கிறவனுக்குத் தெரியாமல் வருகிற அலைபோல, முதுகில் அந்தச் சத்தம் அடித்தது. கட்டார் கோல் போட்டுவிட்டது. எனக்கு முன்னால் இருந்த எவரும் அசையவில்லை. முதுகு முழுக்கச் சந்தோசம், முகம் முழுக்கத் துக்கம். நடுவில் நான். சிரிக்கிறதா, முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறதா என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அரை நேரத்துக்குப் பிறகு எனக்குள் ஏதோ மாறத் தொடங்கியது. எப்போது என்று சொல்லத் தெரியாது. அந்த மனிதர் கதிரை நுனிக்கு வந்தால் எனக்கும் குதிக்கால் எழும்பியது. அவர் கையைத் தலையில் வைத்தால் எனக்கு நெஞ்சு விழுந்தது. அறையில் நானாவோடு இருந்தபோது, கட்டார் வென்றால் நல்லது என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே நின்றபோது அந்த நினைவு எங்கே போனது என்று தெரியவில்லை. பார்க்கிற முகத்தின் பக்கம் மனம் சாய்ந்துவிடுமோ? அப்படியென்றால் என்னை மேல்தட்டில் நிறுத்தியிருந்தால் வேறு ஆளாக இருந்திருப்பேனோ?

திடீரென்று அவர் வாய் திறந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. ஜோர்தான் சமப்படுத்திவிட்டது. முழுப் பகுதியும் கீழே கொட்டியது போல முன்னுக்கு வந்தது. நான் கையை விரித்து, "பின்னுக்கு, பின்னுக்கு" என்று கத்தினேன். அந்த மனிதர் வேலிக்கு மேலால் சாய்ந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். கால் நிலத்தில் இல்லை. என் தொப்பி எங்கோ விழுந்தது. வறுத்த விதையின் மணம், வியர்வை மணம், அவருடைய தாடி என் கன்னத்தில் குத்தியது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மேற்பார்வையாளர் தூரத்தில் இருந்து விரலை ஆட்டினார்.

அதன் பிறகு நடந்தது என் நினைவில் ஒழுங்காக இல்லை. இன்னொரு தண்ட உதை. நடுவர் ரீவியில் திருப்பிப் பார்க்கிறாராம் என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். முதுகில் மீண்டும் அந்த அலை. பிறகு நேரம் முடிகிற தறுவாயில், என் பின்னால், நான் நின்ற கோலுக்கு முன்னாலேயே, மூன்றாவது தண்ட உதை. மீண்டும் ரீவி. மீண்டும் காத்திருப்பு. எனக்கு முன்னால் இருந்தவர்களில் பாதிப்பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். கண்ணை மூடினால் எனக்கு எப்படி ஆட்டம் தெரியும்? அந்த மனிதர் மட்டும் மூடவில்லை. அவர் ஆட்டத்தைப் பார்க்கவும் இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். "சகோதரா, நீ கிட்ட நிற்கிறாய். அது பெனால்ரியா?"

"நான் பார்க்கவில்லை" என்றேன். "எனக்கு முதுகு."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? கோபம் இல்லை. அவ்வளவு நேரமும் தன்னோடு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவனுக்குக் கண் தெரியாது என்று கடைசியில் அறிந்தவர் மாதிரிப் பார்த்தார்.

பிறகு மூன்றாவது கோலின் சத்தம். பிறகு முடிவு. வாணவேடிக்கை. அவர் நெடுநேரம் கதிரையில் இருந்தார். மனைவி அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தா. கடைசியில் எழும்பி, கண்ணைத் துடைத்து, என்னிடம் வந்து கேட்டது ஒன்றுதான். "மெட்ரோவுக்கு எந்தப் பக்கம்?" கையால் காட்டினேன். போய்விட்டார்கள்.

அடுத்த நாள் விடிய எழும்பிப் போனைத் திறந்தால் அண்ணனின் குரற்செய்திகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் கத்தல். "டேய்! உன்னை ரீவியில கண்டனாங்கள்! வாடியில எல்லாரும் கண்டவை! மூண்டாவது பெனால்ரி அடிக்கேக்க கோலுக்குப் பின்னால நிக்கிறாய்!" வாடி என்றால் கரையில் மீனவர் போட்டிருக்கிற கொட்டில். அங்கே ஒரு போனைத் தூணில் கட்டிவைத்து, ஊர்ப் பொடியள் முழுப்பேரும் ஆட்டம் பார்த்திருக்கிறார்கள். கீழே ஒரு படமும் அனுப்பியிருந்தார்.

படத்தில் பந்து வலைக்குள் போகிறது. காப்பாளர் மற்றப் பக்கம் விழுந்து கிடக்கிறார். வலைக்குப் பின்னால் மஞ்சள் சட்டைகள் வரிசையாக, எல்லாம் முதுகு. நடுவில் ஒருவன் மட்டும் திரும்பி நிற்கிறான். முகம் மைதானத்துக்கு. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. தலையில் தொப்பி இல்லை.

நான் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெருப்பித்தேன். பெருப்பிக்கப் பெருப்பிக்க முகம் கலைந்து சதுரம் சதுரமாகப் போனது. சிறுப்பித்தால் நான். பெருப்பித்தால் யாரோ. நின்ற இடம் என் இடம்தான். தொப்பி விழுந்தது எனக்குத்தான். ஆனால் அதைத் திருப்பி எடுத்துப் போட்டேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. நான் திரும்பவில்லை என்பது மட்டும் உறுதி. உறுதியென்றால், அந்த உதையைப் பற்றி எனக்கு ஒரு நினைவும் இல்லை. பார்த்திருந்தால் நினைவு இருக்காதா?

நானாவிடம் காட்டினேன். அவர் முதல்நாள் கத்திய கத்தலில் குரல் அடைத்துப் போயிருந்தார்.

"இது நீதான்" என்றார்.

"நான் திரும்பேல்லை, நானா."

"திரும்பாமல் என்ன? நானும்தான் திரும்பினனான். எல்லாரும் திரும்பினவங்கள்."

"மற்றவங்கள் எல்லாருக்கும் முதுகுதானே தெரியுது?"

அவர் மீண்டும் படத்தைப் பார்த்தார். "அப்ப நீ இல்லை" என்றார். போனைத் திருப்பித் தந்து, "ஆனா, நீ மாதிரித்தான் கிடக்கு" என்றார். என்னை எவரும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை. கமெராவில் விழுந்தவன் நான் என்றால் கூப்பிட்டிருப்பார்கள். அல்லது அவ்வளவு பெரிய வெற்றியில் அதை யாரும் கவனிக்கவில்லையோ? அதையும் நான் யாரிடமும் கேட்கப் போகவில்லை.

சில மாதங்களில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தேன். வான் நிறைய ஆனையிறவைத் தாண்டிப் போகிற யாழ்ப்பாணத்துச் சனம். பரந்தனில் நான் மட்டும் இறங்க, அண்ணன் மோட்டார் சைக்கிளில் காத்து நின்றார். வழி முழுக்க ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாய் மூடி இருந்ததை நான் அன்றுதான் கண்டேன். ஊருக்குக் கிட்ட வந்ததும் சொன்னார். "நாளைக்குக் கோவில் பெருநாள் மாட்ச். கழகத்தில உன்னைக் கூப்பிடுவினம். வடிவா யோசிச்சுக் கதை."

"என்னத்தை யோசிக்கிறது?"

"அது பெனால்ரியெண்டு சொல்லு. உண்மையைத்தானே சொல்லச் சொல்லுறன்."

வீட்டுக்கு வந்த பிறகு அம்மாதான் விளங்கப்படுத்தினா. அண்ணனும் எங்கள் விளையாட்டுக் கழகத் தலைவரும் ஒரே மீன்பிடிப் போட்டில் தொழில் செய்கிறவர்கள். சிறு வயதிலிருந்தே இணைபிரியாத கூட்டு. அன்று வாடியில் ஆட்டம் பார்த்தபோது அண்ணன் கட்டார் பக்கம், தம்பி அங்கே நிற்கிறான் என்பதற்காக. தலைவர் ஜோர்தான் பக்கம், அண்ணன் கட்டார் பக்கம் என்பதற்காக. மூன்றாவது தண்ட உதையில் சண்டை மூண்டுவிட்டது. "தள்ளினவன்" என்றார் அண்ணன். "அவனா விழுந்தவன்" என்றார் தலைவர். வார்த்தை தடித்து, பழைய பெருநாள் ஆட்டங்களின் கணக்கெல்லாம் வெளியே வந்து, அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் கதை இல்லை. போட் ஒன்றுதான், வலை ஒன்றுதான். ஆகவே தொழிலுக்குச் சேர்ந்துதான் போகவேண்டும்.

"கடலுக்குள்ள வாய் திறக்காமல் வலை இழுக்கிறாங்களாம், மகன்" என்றா அம்மா. "எஞ்சினை நிப்பாட்டு எண்டதையும் கையாலதான் காட்டுறாங்களாம். நீ வந்து தீர்த்துவைப்பாய் எண்டுதான் எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம். நீதானே கிட்ட நிண்டனி."

பேசிக்கொண்டே சுவரைக் காட்டினா. மாதா படத்துக்குப் பக்கத்தில் அந்தப் படம். பெரிதாக அடித்து, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தா. வாய் திறந்தபடி அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் பின்னேரம் மைதானத்துக்குப் போனபோது வாசலில் ஒரு பனர். அதே படம். மேலே, "ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் எமது வீரன்." நான் அதற்குக் கீழே நின்று இரண்டு தரம் வாசித்தேன். மாலை போட்டார்கள். ஒலிவாங்கியைக் கையில் தந்தார்கள். ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் தலைவர். இரண்டு பேரும் நெஞ்சுக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். ஊரே பார்த்தது.

"நான் விளையாடேல்லை. பாதுகாப்பு வேலைதான் செய்தனான்" என்றேன். கைதட்டினார்கள்.

"மாட்ச்சும் பாக்கேல்லை. எங்களுக்கு மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிக்கவேணும்." சிரித்தார்கள். அடக்கமாகக் கதைக்கிறான் என்று யாரோ சொன்னது கேட்டது.

தலைவர் பொறுமை இழந்தார். "அதெல்லாம் கிடக்கட்டும் தம்பி. ஒண்டைச் சொல்லு. மூண்டாவதாக் குடுத்தது பெனால்ரியோ இல்லையோ?"

"எனக்குத் தெரியாது அண்ணை."

"அந்தப் பனரில பாத்துக்கொண்டு நிக்கிறியே!"

"அது நானோ எண்டும் எனக்குத் தெரியாது."

நான் உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் சொன்ன மாத்திரத்தில் அது பொய் மாதிரி என் காதுக்கே கேட்டது. தன் முகம் தனக்குத் தெரியாதென்று யாராவது சொல்வார்களா? நான் எதையோ மறைக்கிறேன் என்று அவர்கள் நினைத்ததில் பிழை இல்லை. நானும் கூட்டத்தில் நின்றிருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

முதலில் வாய் திறந்தது அண்ணன். "எடேய், இரண்டிலொண்டைச் சொல்லன்ரா! என்ர பக்கம் சொல்லவேண்டாம், அவன்ர பக்கமெண்டாலும் சொல்லு!"

"அதானே!" என்றார் தலைவர். "என்ன மனுசன் இவன்? பத்தடி தூரத்தில நிண்டிட்டுத் தெரியாதாம்!"

"சின்னனில இருந்தே இப்பிடித்தான், மச்சான். கூப்பிட்டாலும் திரும்பமாட்டான்."

"இல்லை மச்சான், இவனை அனுப்பினதே பிழை. நீயோ நானோ போயிருக்கவேணும்."

மச்சான் என்ற சொல் இரண்டு பக்கமும் போய் வந்ததை நான் மட்டும்தான் கவனித்தேனோ தெரியவில்லை. இருவரும் என்னைத் திட்டிக்கொண்டே மைதானத்தின் மறுகரைக்கு நடந்தார்கள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடங்கினார். ஆட்டம் தொடங்க விசில் ஊதியபோது ஒரே வாங்கில் இருந்தார்கள். மாலையோடு நான் தனியே நின்றேன். சண்டை தீர்ந்ததற்குச் சந்தோசப்படுகிறதா, ஊர் முன்னால் அவமானப்பட்டதற்குக் கவலைப்படுகிறதா என்று புரியவில்லை. மாலையைக் கழற்றலாமா என்றும் தெரியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அம்மா, அந்தப் படத்தைக் கழட்டுவம். அது நானாய் இருக்காது" என்றேன். அம்மா படத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தா. கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தா.

"நீயில்லையெண்டால் ஆர்?"

"தெரியாது. நேபாளத்துப் பொடியனாயும் இருக்கலாம். பக்கத்தில நிண்டவங்கள்."

"அவனுக்கும் தாய் இருப்பா தானே" என்றா. "கிடக்கட்டும்." குசினிக்குள் போய்விட்டா. இன்றும் அது மாதாவுக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. வருகிறவர்களுக்கு அம்மா சில நாள் என்னுடைய மகன் என்கிறா. சில நாள், மகனோடு வேலை செய்த பொடியன் என்கிறா. கேட்டால், இரண்டும் ஒன்றுதானே என்கிறா.

பிறகொரு நாள் மதியம், வாடியில் ஒருவரும் இல்லாத நேரம், அந்த ஆட்டத்தை முழுமையாகப் போனில் போட்டுப் பார்த்தேன். அதுதான் முதல் தடவை. எதையாவது பார்த்தவுடன், ஓம், இது எனக்குத் தெரியும் என்று மனம் சொல்லுமோ என்று காத்திருந்தேன். முதல் கோலைப் போட்டவன் ஒரு சீட்டை எடுத்துக் காட்டி வித்தை செய்தான். அப்படி ஒன்று நடந்ததே எனக்குத் தெரியாது. முகத்தை வைத்து நான் கணித்ததில் பாதி பிழை. இடப்பக்கத்தால் வருகிறார்கள் என்று நினைத்தபோது வலப்பக்கத்தால் வந்திருக்கிறார்கள். மூன்றாவது தண்ட உதையை மீண்டும் மீண்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒருமுறை தள்ளினமாதிரி. ஒருமுறை தானாக விழுந்தமாதிரி. அது எனக்குப் புது ஆட்டம், முன்பின் அறியாதவர்கள் விளையாடுகிற ஆட்டம். நான் நின்ற ஆட்டம் எங்கே என்றால், பெருத்த வயிறும் கட்டம் போட்ட சால்வையுமாக அந்த மனிதர்தான் கண்ணுக்குள் வந்தார். அவரை எந்தக் கமெராவும் காட்டவில்லை.

நான் திரும்பக் கட்டாருக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லியிருக்கிறேன். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. அண்ணனின் போட்டில் மூன்றாவது ஆளாகப் போகிறேன். நானா இன்னும் அங்கேதான். இடைக்கிடை போன் எடுப்பார். அவருடைய டீம் தோற்றால் எடுக்கமாட்டார்.

அதற்கடுத்த வருசம், ஆனி மாதத்து ஒரு காலை. கடலுக்குப் போய் வந்து, கரையில் இருந்து மூன்று பேரும் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தோம். என் போன் கதிரையில் கிடந்தது. கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தேன். ஜோர்தான் முதல் தடவையாக உலகக் கிண்ணத்துக்குத் தெரிவாகியிருக்கிறது என்று செய்தி.

நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. காகங்கள் எழும்பிப் பறந்தன. அண்ணன் கையிலிருந்த மீனைக் கீழே போட்டார்.

"என்னடா? வீட்டில ஏதுமோ?"

"இல்லை. நாங்கள் உலகக் கிண்ணத்துக்குப் போயிட்டம்."

"ஆர் நாங்கள்?"

போனை நீட்டினேன். தலைவர் அதை வாங்கி வாசித்து, அண்ணனிடம் கொடுத்தார்.

"இது ஜோர்தான் எல்லோ" என்றார் அண்ணன். "நீ வேலை செய்தது கட்டாரில."

"ஓம்."

"அப்ப உனக்கென்ன?"

"ஜோர்தான்காரர் ஒருத்தரை எனக்குத் தெரியும்."

"ஆரவர்?"

"பேர் தெரியாது."

அண்ணன் தலைவரைப் பார்த்தார். தலைவர் அண்ணனைப் பார்த்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. குனிந்து வலையைத் தேடினேன். ஒரு திரளி மீனின் செட்டையை வலையோடு சேர்த்துப் பிய்த்துவிட்டேன். யாரும் ஏசவில்லை. தலைவர், "எத்தினை மணிக்கு மாட்ச் போடுவாங்கள், உலகக் கிண்ணத்தில?" என்று கேட்டார்.

"அமெரிக்காப் பக்கமாம்" என்றார் அண்ணன். "எங்களுக்கு விடியப்புறமாய்த்தான் இருக்கும்."

"தொழிலுக்குப் போற நேரம்."

"அதுதான் பாக்கிறன்."

இரண்டு பேரும் அதைப்பற்றியே கதைக்கத் தொடங்கினார்கள். நான் மீன் கழற்றினேன்.